காவலுக்கு நின்றவனுக்கு

காலையில் பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து கடுகெண்ணெய் காயும் வாசனை வந்தது. புதிதாகக் குடிவந்திருக்கும் வங்காளிக் குடும்பம். பூண்டைத் தட்டிப் போட்டிருக்க வேண்டும். நான் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். எங்கள் பத்துபஸ்தியில் தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதுகூட நான் ஜன்னலைச் சாத்துவதில்லை. மருமகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "வாசனை ஒத்துக்கலையா மாமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாசனையில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நீ போய்விட்டாய் என்று தகவல் சொன்னவர்கள், எடுப்பதற்குள் வந்தால் முகம் பார்க்கலாம் என்றார்கள். முட்டி வலி, உன் ஊர் பெரார்கஞ்ச் வரைக்கும் பஸ்ஸில் உட்கார முடியாது என்று பதில் சொன்னேன். முட்டி வலி உண்மைதான். அதனால்தான் வரவில்லை என்பது உண்மையில்லை. யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும், அந்த முட்டியைப் பற்றி உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்தத் தீவில் கிடையாது.

நம் பட்டறையின் கூடைப்பந்து அணியில் நான் சேர்ந்த புதிதில் எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்கு மாற்றலாகி வந்தவர். அவர் தயவில் எனக்கும் பட்டறை ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. உயரம் இல்லை, உடம்பும் இல்லை. ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் கூடை எங்கே இருக்கிறது என்று தலை தூக்கிப் பார்க்காமலே தெரியும். அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. மாலையில் கடற்காற்று திரும்புகிற நேரத்தில் அந்த சிமெண்டுத் தரையைச் சுற்றி ஊரே கூடும். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லாரும் "பாபு! பாபு!" என்று கத்துவார்கள். குமாஸ்தா என்பதால் எனக்கு அந்தப் பெயர்.

கத்தினவர்கள் யாரும் என்னைக் காப்பாற்ற வரவில்லை. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் வேலை செய்பவர்களின் அணியில் ஒரு நெட்டையன் இருந்தான். எல்லாரும் அவனை லம்பு என்பார்கள். நான் துள்ளுகிற நேரம் பார்த்து அவன் முழங்கை என் விலாவில் இறங்கும். முதல் வருஷமே உதடு கிழிந்தது, ஒரு பல் ஆடியது. ரெஃப்ரி பார்க்காத பக்கமாக அடிக்க அவனுக்குத் தெரியும்.

நம் கேப்டன் அப்பாராவ், வரைபடம் போடுகிறவர், யோசித்துப் பார்த்துவிட்டு ஒருநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டறையில் நீ தினக்கூலி மஸ்தூர். இரண்டு பேர் தூக்கும் எண்ணெய்ப் பீப்பாயை நீ ஒருவனாக உருட்டி லாரியில் ஏற்றுவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். லோக்கல் குடும்பம், அந்தக் காலத்தில் தீவுக்குக் கைதியாக வந்தவரின் வழி. உன் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி. முதல் நாள் பந்தை உன்னிடம் எறிந்தார்கள். நீ பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாய்.

"அரே, இத வெச்சு என்ன பண்ணணும்?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்பா. பாபு பக்கத்துல நில்லு. அவன யாரும் தொடக் கூடாது. பஸ்" என்றார் அப்பாராவ்.

"பஸ்? அவ்ளோதானா? ஆளக் காட்டுங்க சாப்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அன்றைக்கே அப்பாராவோடு வாதாடினேன். கூடைப்பந்து தொடாமல் ஆடுகிற ஆட்டம். திறமை இருந்தால் போதும், எனக்கு எதற்கு அடியாள், ஐந்து பேரில் ஒருவனுக்குப் பந்தே பிடிக்கத் தெரியாவிட்டால் நாம் நான்கு பேர் ஆடுவதுபோலத்தானே என்றேன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். கோபப்படவில்லை. அடுத்த ஆட்டம் ஜெட்டியோடு. "கேப்டன் சாப், ஹாஃப் டைம் வரைக்கும் நான் வெளிய ஒக்காந்துக்கறேன். பாபு சொல்றது சரியான்னு பாத்துருவோம்" என்று சொல்லி, தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாய்.

ஹாஃப் டைமுக்குள் லம்பு என்னை இரண்டு முறை தரையில் உருட்டினான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கூடைப் பக்கம் போகவே கால் கூசியது. அப்புறம் நீ உள்ளே வந்தாய். லம்புவிடம் போய்க் காதில் என்னவோ சொன்னாய். அதற்குப் பிறகு அவன் எனக்கு ஒரு கை தூரம் விட்டே நின்றான். நான் விட்ட பந்தெல்லாம் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும், "அவன்கிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தோஸ்த். 'பாபுவுக்கு நான் இருக்கேன், உனக்கு வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?'ன்னு கேட்டேன்."

அதன் பிறகு நான் வாதாடவில்லை. நீ யாரையும் அடித்தும் நான் பார்த்ததில்லை. ஓடும்போது என் இடது பக்கம் ஒரு நிழல் கூடவே வரும், அவ்வளவுதான். அந்த நிழல் இருந்ததால் என் கை பயமில்லாமல் வேலை செய்தது. பேப்பரில் ஆட்டக்காரன் என்று என் பெயர் வரும். உன் பெயர் வராது. நீ அதைக் கேட்டதும் இல்லை.

அடுத்து வந்த அறுவடைக் காலத்தில் உன் வீட்டுக்கு வரச் சொன்னாய். பெரார்கஞ்சில் உன் வயலுக்குப் போகும் வழியில் ஓடையின் குறுக்கே பாலமாக ஒரு மரத்தைப் போட்டிருந்தார்கள், பாசி பிடித்த மரம். நான் வழுக்கி விழுந்து, இடது முட்டி உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டது. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக உன் வீட்டுக்கு நடந்தாய். உன் மனைவி கௌரி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கடுகெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி எடுத்து வந்தாள். நீ உட்கார்ந்து என் முட்டியை நீவினாய். பீப்பாய் உருட்டுகிற கை அது. அவ்வளவு மெதுவாக நீவும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

எனக்கு வலியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஒன்றிரண்டு வருஷத்தில் தீவிலிருந்து ஓர் அணியைத் தேர்ந்தெடுத்துக் கப்பலில் மெட்ராசுக்கு ஆட அனுப்பப்போவதாகப் பேச்சு. மெயின்லேண்டில் ஒரே ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்பது தவிர எனக்கு அந்த வயதில் வேறு கனவே இருந்ததில்லை. முட்டி கெட்டது என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"யாருக்கும் தெரியக்கூடாது" என்றேன்.

"எனக்கு, உனக்கு, கௌரிக்கு. மூணு பேரு. என் வாயிலேர்ந்து வராது பாபு. கசம்" என்று தொண்டையைக் கிள்ளிச் சத்தியம் செய்தாய்.

வீக்கம் வடிந்தது, ஆனால் முட்டி பழைய முட்டி ஆகவில்லை. இடது பக்கம் சட்டென்று திரும்பினால் பிடிமானம் விட்டுப்போகும். அது வெளியே தெரியாமல் ஆட நீதான் வழி கண்டுபிடித்தாய். நான் திரும்ப வேண்டிய இடத்தில் நீ குறுக்கே நின்று எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாய். ஒரு வருஷம் முழுக்க அப்படி ஆடினோம். அப்பாராவுக்குக்கூடத் தெரியாது.

அந்த வருஷமும் கோப்பை நமக்குத்தான். பட்டறை இன்ஜினியர் எனக்கு மாலை போட்டார். எனக்குப் பதவி உயர்வும் வந்தது. நீ தினக்கூலியாகவே இருந்தாய். உன்னை நிரந்தரம் செய்யச் சொல்லி நான் இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டாவது தடவை அவர் சிரித்துக்கொண்டே, "அவன் எங்கப்பா ஆடறான்? இடிக்கத்தானே செய்யறான். இடிக்கிறதுக்கெல்லாம் போஸ்ட் கிடையாது" என்றார். அதை உன்னிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் என்று மட்டும் சொன்னேன். நீ "டீக் ஹை, சரிதான்" என்றாய்.

அடுத்த சீசனுக்குப் பயிற்சி தொடங்கியபோது நீ வரவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஜெட்டிப் பக்கமாகப் போனபோது அந்த அணி ஆட்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பச்சை பனியனைப் போட்டுக்கொண்டு நீ லம்புவோடு நின்றிருந்தாய். உன் உடம்புக்கு அது சின்னதாக இருந்தது.

பஜாரில் டீக்கடையில் உன்னைப் பிடித்தேன். நீ டீயை ஊதிக்கொண்டே இருந்தாய், குடிக்கவில்லை.

"பர்மனென்ட் தர்றாங்க பாபு. ஆர்டர் வந்துரும்னு ஜெட்டி சாப் சொல்லிட்டாரு. பையனும் வளர்றான். எத்தன நாள் மஸ்தூராவே இருக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போகாதம்பே. நீ சொன்னா நான் நின்னுருவேன். அதான் சொல்லல."

அதற்கு மேல் என்ன பேசுவது? வேலைதான் சோறு போடும், பந்து போடாது. போ என்று நானேதான் சொன்னேன். எழுந்திருக்கும்போது என் பார்வை என்னை அறியாமல் கீழே என் காலுக்குப் போனது. நீ அதைப் பார்த்துவிட்டாய்.

"அது என்னோட போகும். கசம் போட்டது போட்டதுதான்" என்றாய். நான் நம்பினேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு காந்துவது அந்த நம்பிக்கையை நினைத்துத்தான்.

இறுதி ஆட்டம் உங்களோடு. மெட்ராஸ் போகிற அணியை அன்றைக்கு அறிவிப்பதாக இருந்தது. மழை விட்டுத் தரை காய்ந்திருந்தது. உன்னை எனக்கு எதிராகவே நிறுத்தினார்கள். பழக்கம் விடாமல் நீ என் இடது பக்கமே வந்து நின்றாய். எனக்குச் சிரிப்புகூட வந்தது. முதல் பாதியில் நீ என்னைத் தடுக்கத்தான் செய்தாய், ஆனால் சுத்தமாகத் தடுத்தாய். பந்தே பிடிக்கத் தெரியாதவன் இவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறானே என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. நாம் முன்னணியில் இருந்தோம். 'நாம்' என்றுதான் இப்போதும் எழுத வருகிறது பார். பட்டறை முன்னணியில் இருந்தது.

ஹாஃப் டைமில் தண்ணீர் குடித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் பார்த்தேன். உங்கள் அதிகாரி உன் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நீ தலையைக் குனிந்து நின்றாய். லம்பு பக்கத்தில் வந்தான். அப்போது நீ குனிந்து உன் இடது முட்டியை ஒரு தடவை தொட்டாய். ஷூ கயிற்றைக் கட்டுகிறாய் என்று நினைத்தேன்.

இரண்டாவது பாதியில் அவர்கள் யாரும் பந்தைத் தேடி வரவில்லை. முதல் இடி முட்டியின் உள்பக்கத்தில் விழுந்தது. தற்செயல் என்று எழுந்தேன். அடுத்தது வேறொருவன், அதே இடம். நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வெளியே போயிருக்கலாம். அப்பாராவ்கூடக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். போகவில்லை. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் வெளியே போவதா என்ற வீம்பு.

பந்து என் கைக்கு வந்தது. கூடைக்குத் துள்ளினேன். லம்பு இடது பக்கத்திலிருந்து ஓடி வந்தான். அவன் வருகிற வழியில் நீ நின்றிருந்தாய். ஓர் அடி விலகி அவனுக்கு வழி விட்டாய்.

சத்தம் ஓரத்தில் நின்றவர்களுக்கே கேட்டதாம்.

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் நீயே என்னைத் தூக்கிவிட்டாய். ஆஸ்பத்திரி மேட்டில் என்னைச் சுமந்துகொண்டு ஏறினாய். "ஹிலாதே பாபு, ஆடாதே, ஆட்டாதே கால" என்று உளறிக்கொண்டே வந்தாய். "என்ன எறக்கி விடு" என்று நான் உன் காதில் சொன்னேன். நீ விடவில்லை. உன் தோளில் அடித்தேன். அப்போதும் விடவில்லை. உன் கண்ணீர் என் கையில் சொட்டியது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

கோப்பை ஜெட்டிக்குப் போனது. மெட்ராஸ் கப்பல் சங்கு ஊதியபோது நான் கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வேலியே பயிரை மேய்ந்த கதை என்றார்கள். நீ வரவில்லை. கௌரி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"அண்ணே, அவரு சொல்லலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். காட்டிக் குடுத்தாரு. 'பாபுவ நிறுத்த முடியலேன்னா ஆர்டர் சைன் ஆகாது'ன்னு அந்த சாப் சொல்லிட்டாராம். பயம் காட்டுவாங்க, பாபு தானா வெளிய போயிருவான்னு நெனச்சாராம். ஒடைப்பாங்கன்னு நெனைக்கல அண்ணே."

"லம்புவுக்கு வழி விட்டானே கௌரி. அது எதுக்கு?"

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். குழந்தை அழுததைச் சாக்காக வைத்து எழுந்து போனாள்.

உனக்கு ஆர்டர் வந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு நீ பந்தைத் தொடவே இல்லை என்றும் கேள்விப்பட்டேன். அது எனக்குச் சமாதானமாக இல்லை. தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன? நான் ஆடவில்லையே.

பல வருஷம் கழித்து சிப்பிகாட் பஸ் ஸ்டாப்பில் ஒருநாள். பண்ணையில் மாங்கன்று வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மழைக்கு ஒதுங்க நீயும் அங்கேயே வந்தாய், ஜெட்டி வேலைக்கான காக்கிச் சட்டையில். தொப்பை போட்டிருந்தது. ஓடிப்போக இருவருக்குமே வழியில்லை.

"எப்படி இருக்கே பாபு?"

"நொண்டிக்கிட்டு இருக்கேன்" என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ஏன்டா?" என்று கேட்டுவிட்டேன். 

நீ சட்டைக் கையால் முகத்து மழையைத் துடைத்தாய். "உன்னக் காப்பாத்த நான் இருந்தேன். என்னக் காப்பாத்த யாரு இருந்தா, சொல்லு" என்றாய்.

"நான் இன்ஜினியர்கிட்ட ரெண்டு தடவ போய்க் கேட்டேன்டா உனக்காக."

"தெரியும் தோஸ்த். அவரு என்ன பதில் சொன்னாருன்னும் தெரியும். வாசல்ல நின்ன பியூன் சொல்லிட்டான். நீயும் சொல்லுவேன்னு பாத்தேன். 'அடுத்த வருஷம்'ன்னு சொன்னே."

பஸ் வந்தது. மாங்கன்றை வாங்கிப் படியில் வைத்து நீ என்னை ஏற்றிவிட்டாய். ஏறிய பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீ சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நியாயம் உன் பக்கம் போய்விட்டால் என் வலியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போதும் மைதானத்துப் பையன்கள் வந்து கேட்பார்கள், நல்ல ஆட்டக்காரனுக்குக் காவலாக ஒரு முரடன் வேண்டுமா தாத்தா என்று. வேண்டும் என்றுதான் சொல்வேன். நீ இல்லாமல் நான் ஒரு சீசன்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் காவலுக்கு நிற்பவனுக்கு வீட்டில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று தெரிந்துவிடும். அதைப் பையன்களிடம் சொல்வதில்லை.

போன வாரம் உன் மகன் வந்தான். கௌரியின் வயிற்றில் இருந்தவன். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. "அப்பா காரியத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும்னு அம்மா சொல்லிச்சு" என்றான். வண்டியும் கொண்டுவந்திருந்தான். முட்டியைச் சாக்குச் சொல்ல முடியவில்லை.

கௌரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னாள். மற்றவர்கள் நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டாள், "அவர மன்னிச்சிட்டீங்களா அண்ணே?"

செத்தவன் வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உன் விஷயத்தில் 'அடுத்த வருஷம்' என்று ஒரு பொய்யை நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், அது போதும் என்று தோன்றியது.

"இல்லம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "கடைசியில படுக்கையில கெடந்தப்போ தினமும் கேப்பாரு. பாபு மன்னிச்சிருப்பானான்னு. மன்னிச்சிட்டாரு, எனக்கு ஆளனுப்பிச் சொல்லிட்டாருன்னு நானாவே சொன்னேன்." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டுட்டுப் போங்க அண்ணே, எல போட்டாச்சு" என்றாள்.

சாப்பிட்டேன். உன் மகன் பரிமாறினான். வாழைக்காய்க் கறி, வடை, பாயசம். எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உன் வீட்டில் கையலம்பிவிட்டு வெளியே வந்தபோதும் கோபம் அப்படியேதான் இருந்தது. பசி மட்டும் அடங்கியிருந்தது. இனிமேலும் இப்படித்தான் இருக்கப்போகிறேன் போலிருக்கிறது, உன்மேல் கோபமும் உன் வீட்டுச் சோறும் ஒரே வயிற்றில்.

கௌரி உன்னிடம் சொன்னதை நீ நம்பிக்கொண்டு போயிருந்தால், நம்பினபடியே இரு.